தகட்டுக்கு ஹைப்ரிட் கோட்டிங்: வெள்ளி சாயங்காலம் தொடங்கி ஞாயிறு வரை

எங்கள் வீட்டு இரும்புக் கேட் மேலே எல்லாம் நன்றாகத்தான் இருக்கும். கீழே ஒரு சாண் மட்டும் அப்பளம் மாதிரி உதிரும். தினமும் காலையில் வாசல் தெளிக்கிற தண்ணீர் அங்கேதான் படுகிறது, அதுவும் போர் தண்ணீர், வாயில் வைத்தால் கரிக்கும். பொங்கலுக்குப் பொங்கல் அப்பா அந்தத் துருவின் மேலேயே ஒரு கை ரெட் ஆக்சைடு, அதன் மேல் பச்சை பெயின்ட் அடிப்பார், சித்திரைத் திருவிழாவுக்குள் கொப்புளம் கிளம்பிவிடும். கடலே இல்லாத மதுரையில் இந்தக் கதை என்றால் உப்புக் காற்றிலேயே நிற்கிற பாம்பனைச் சொல்லவே வேண்டாம். 1914-ல் திறந்த பழைய பாலம் காலம் முழுக்கத் துருவோடு மல்லுக்கட்டியது. 2025 ஏப்ரலில் திறந்த புதுப் பாலத்துக்குப் பாலிசிலாக்சேன் என்ற சிலிக்கான் வகைப் பூச்சு கொடுத்திருக்கிறார்கள். அந்தப் பாலிசிலாக்சேனுக்கு ஒரு தம்பி உண்டு, ஹைப்ரிட் கோட்டிங் என்று பெயர், அதை ஒரு சின்ன லேபில், ஒரு சனி ஞாயிறில், நீங்களே செய்து பார்க்கலாம். அதற்குத்தான் இந்தக் கட்டுரை.

நான் கப்பலூர் பக்கம் ஒரு சின்னப் பட்டறையில் கோட்டிங் வேலை பார்க்கிறேன். புராஜெக்ட் என்று வருகிற பிள்ளைகள் எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள்: "அண்ணே, என்ன ஃபார்முலா?" ஃபார்முலா கீழே இருக்கிறது, ஒளித்து வைக்க அதில் ஒன்றும் இல்லை. ஆனால் நான் பார்த்த வரையில் பத்துக்கு எட்டு கோட்டிங் ஃபார்முலாவால் கெடுவதில்லை, தகட்டைச் சரியாகக் கழுவாததாலும், "இன்னும் கொஞ்சம் கெட்டியாகப் பூசுவோமே" என்கிற ஆசையாலும்தான் கெடுகிறது. இதை மனதில் வைத்துக்கொண்டே படியுங்கள்.

ஹைப்ரிட் என்றால் என்ன? பாதி கண்ணாடி, பாதி பிளாஸ்டிக், அவ்வளவுதான். கண்ணாடி என்பது சிலிக்கானும் ஆக்சிஜனும் மாறி மாறிக் கோத்த வலை. கெட்டியானது, சூட்டைத் தாங்கும், ஆனால் கொஞ்சம் தடிமனாகப் பூசினால் காய்ந்த கண்மாய் மாதிரி வெடித்துவிடும். பிளாஸ்டிக் வளைந்து கொடுக்கும், ஆனால் உலோகத்தோடு அதற்குப் பெரிய ஒட்டுதல் கிடையாது, ஓரத்தில் தண்ணீர் நுழைந்தால் உரிந்து வந்துவிடும். இரண்டையும் தனித்தனிப் பொடியாகக் கலக்காமல், மூலக்கூறு அளவிலேயே ஒன்றோடொன்று பின்ன வைத்தால் கண்ணாடியின் பிடிமானமும் பிளாஸ்டிக்கின் நெகிழ்வும் ஒரே படலத்தில் கிடைக்கும். இந்தச் செய்முறைக்குப் பெயர் சோல்–ஜெல். திரவமாக இருப்பது சோல், அது இறுகி வலையானால் ஜெல்.

ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். இது பெயின்ட்டுக்கு மாற்று இல்லை. தடிமன் சில மைக்ரான்தான், தலைமுடியில் இருபதில் ஒரு பங்குகூட வராது. இதன் உண்மையான வேலை உலோகத்துக்கும் மேலே வரப்போகிற பெயின்ட்டுக்கும் நடுவில் பசையாகவும் தடுப்பாகவும் இருப்பது. அந்த வேலையை நெடுங்காலம் குரோமேட் செய்துவந்தது, நன்றாகவே செய்தது. அதில் உள்ள ஆறு இணைதிறன் குரோமியம் புற்றுநோய் உண்டாக்கும் என்பதால் அதைக் கைவிட வேண்டிய கட்டாயம் வந்தது, அந்த இடத்துக்குத்தான் சிலேன் எனப்படும் இந்தச் சிலிக்கான் சேர்மக் குடும்பம் போட்டி போடுகிறது.

வாங்க வேண்டியவை. டி.இ.ஓ.எஸ். எனப்படும் டெட்ராஎத்தில் ஆர்த்தோசிலிகேட், இது கண்ணாடிப் பங்கு. அப்புறம் கிளைசிடாக்சிபுரோப்பைல் டிரைமெத்தாக்சிசிலேன், லேபில் சுருக்கமாக கிளைமோ என்பார்கள், இதற்கு ஒரு பக்கம் சிலிக்கான், மறுபக்கம் பிளாஸ்டிக்காகப் பின்னக்கூடிய எபாக்ஸி வளையம், அதாவது இரண்டு வீட்டுக்கும் சொந்தக்காரன். எத்தனால் லைசென்ஸ் உள்ள லேபில்தான் கிடைக்கும், கல்லூரியில் செய்கிறவர்களுக்குக் கவலையில்லை, மற்றவர்கள் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் வாங்கிக்கொள்ளுங்கள், வினை சற்று மெதுவாக நடக்கும், அவ்வளவே. பாலிஷ் போடுகிறவர்கள் வைத்திருக்கும் ஸ்பிரிட் வேண்டாம், அதில் என்னென்ன கலந்திருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. கிளேசியல் அசிட்டிக் அமிலம் கொஞ்சம், டிஸ்டில்ட் வாட்டர். நம் ஊர்க் குழாய்த் தண்ணீர், போர் தண்ணீர் இரண்டும் கூடவே கூடாது, துருவைக் கூப்பிடுகிற குளோரைடை நாமே படலத்துக்குள் வைத்துப் பூசியது போல ஆகிவிடும். பேட்டரி வாட்டரைத் தகடு கழுவ மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

யாராவது "டி.இ.ஓ.எஸ். ஸ்டாக் இல்லை, டி.எம்.ஓ.எஸ். தரட்டுமா, இன்னும் வேகமாக வேலை செய்யும்" என்று சொன்னால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். எத்தில் இருக்கும் இடத்தில் மெத்தில் இருக்கிற சரக்கு அது. அதன் ஆவி கண்ணின் கருவிழியைக் கெடுத்துப் பார்வையையே பறிக்கக்கூடியது. டி.இ.ஓ.எஸ்.ஸும் கண்ணை எரிக்கும், ஆனால் அந்த அளவுக்குப் போகாது. கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி, நைட்ரைல் கையுறை, ஆவியை உறிஞ்சி வெளியேற்றும் ஃபியூம் ஹுட் மூன்றும் இல்லாமல் எந்தப் பாட்டிலையும் திறக்காதீர்கள். வீட்டுச் சமையலறையில் செய்கிற வேலையும் இது இல்லை.

உலோகத்துக்கு முதலில் அலுமினியத்தை எடுங்கள். எல்லாருக்கும் இரும்பில் தொடங்க ஆசை, எனக்கும் இருந்தது. சோல் என்பது அமிலம் கலந்த, தண்ணீர் உள்ள கரைசல். சாதா இரும்புத் தகட்டை அதில் முக்கி எடுத்தால் காயும்போதே ஆரஞ்சு நிறத்தில் ஒரு புகை படியும், படலத்துக்கு அடியிலேயே துரு. அலுமினியத்தில் அந்தத் தொல்லை இல்லை. ஜன்னல் செக்ஷன் வெட்டுகிற கடையில் துண்டு கேட்டால் கொடுப்பார்கள், பெரும்பாலும் 6063 கலவையாக இருக்கும், ஆனால் மேலே அனடைஸ் செய்திருந்தால், அதாவது மின்சாரம் பாய்ச்சி ஆக்சைடு படலம் ஏற்றியிருந்தால், வாங்காதீர்கள். 20 மி.மீ. அகலம், 60 மி.மீ. நீளத்தில் ஒரு டஜன் வெட்டி வாங்குங்கள், ஒரு முனையில் நூல் கட்ட ஓட்டை.

சரி, வெள்ளி சாயங்காலம். ராத்திரி முழுக்க ஊற வேண்டும் என்பதால் கரைசலைத்தான் முதலில் கலக்க வேண்டும்.

100 மில்லி டிஸ்டில்ட் வாட்டரில் 0.3 கிராம் அசிட்டிக் அமிலம் விட்டு வைத்துக்கொள்ளுங்கள், பி.எச். ஏறக்குறைய 3 வரும். மூடி உள்ள ஒரு பிளாஸ்டிக் டப்பாவில், பாலிபுரோப்பிலீன் என்றால் நல்லது, 20 மில்லி எத்தனால், 4.2 கிராம் டி.இ.ஓ.எஸ்., அதன் மேல் அந்த அமிலத் தண்ணீரில் 4.7 கிராம். மூடிவிட்டு மேக்னடிக் ஸ்டிரரில் இரண்டு மணி நேரம். பிறகு 14.2 கிராம் கிளைமோவைச் சொட்டுச் சொட்டாக விடுங்கள், மறுபடி மூடி, காலை வரை சுற்றட்டும். கண்ணாடி பீக்கர் ஏன் வேண்டாம் என்றால், கண்ணாடியும் சிலிக்காதானே, இந்தக் கரைசல் தன் சொந்தக்காரனைக் கண்டது போல அதில் ஒட்டிக்கொள்ளும், அப்புறம் எதைப் போட்டுத் தேய்த்தாலும் போகாது. எங்கள் பட்டறையில் அப்படி ஒரு பீக்கர் இப்போது பேனா ஸ்டாண்டாக இருக்கிறது.

அளவுகள் எங்கிருந்து வந்தன என்று தெரிந்தால் நீங்களே மாற்றிக்கொள்ளலாம். டி.இ.ஓ.எஸ். 0.02 மோல், கிளைமோ 0.06 மோல், ஒன்றுக்கு மூன்று. சிலிக்கானோடு ஒட்டியிருக்கும், தண்ணீர் அறுக்கக்கூடிய துண்டைக் கை என்று வைத்துக்கொள்ளுங்கள். டி.இ.ஓ.எஸ். ஒவ்வொன்றுக்கும் நான்கு கை, கிளைமோவுக்கு மூன்று கை, மொத்தம் 0.26 மோல் கைகள். ஒவ்வொரு கையையும் அறுக்க ஒரு தண்ணீர் மூலக்கூறு என்று கணக்குப் போட்டால் 4.7 கிராம். கைகள் அறுபட்ட இடத்தில் ஹைட்ராக்சில் வரும், இரண்டு ஹைட்ராக்சில் சேர்ந்து ஒரு தண்ணீரைத் துப்பிவிட்டு ஆக்சிஜன் பாலம் போடும். அப்படித்தான் வலை பின்னுகிறது. டி.இ.ஓ.எஸ். பங்கைக் கூட்டினால் படலம் கெட்டியாகும், வெடிக்கும் ஆபத்தும் கூடும். கிளைமோ கூடினால் மெத்தென்று வளையும். கிளைமோவிலிருந்து அறுந்து விழுகிற கைகள் மெத்தனாலாக வெளியே வரும், இந்த அளவுக்கு ஏறக்குறைய 7 மில்லி. குடித்தால் கண் போகிற அதே மெத்தனால்தான், அதனால் மூடியைத் திறந்து முகர்ந்து பார்க்கிற பழக்கத்தை விட்டுவிடுங்கள்.

நம் ஊர் வெயிலைப் பற்றி ஒரு வார்த்தை. புத்தகத்தில் அச்சடித்த செய்முறையில் "அறை வெப்பநிலை" என்று இருந்தால் அது 25 டிகிரி, மே மாத மதுரை அறை இல்லை. 38 டிகிரியில் அதே கரைசல் வேகமாக முதிரும். காலையில் டப்பாவைச் சாய்த்துப் பாருங்கள். தண்ணீர் மாதிரியே, சற்றே வழவழப்பாக, கண்ணாடி போலத் தெளிவாக ஓட வேண்டும். பால் கலந்தது போல மங்கலாக இருந்தாலோ, ஜீராப் பாகு மாதிரி இழுத்தாலோ கொட்டிவிட்டு மறுபடி கலக்குங்கள், எத்தனால் விட்டு நீர்க்கச் செய்து பூசலாம் என்று நினைக்காதீர்கள். உடனே பூச முடியவில்லை என்றால் ஃபிரிட்ஜில் வையுங்கள், சாப்பாடு வைக்காத ஃபிரிட்ஜில்.

சனிக்கிழமை காலை, கழுவுகிற வேலை. இங்கேதான் நேரத்தைச் செலவழிக்க வேண்டும்.

வாட்டர் உப்புத்தாள் 400, 600, 800 என்று ஏறுமுகமாகப் போங்கள், தண்ணீர் விட்டுத் தேயுங்கள், ஒவ்வொரு நம்பருக்கும் திசையைக் குறுக்கே மாற்றினால் பழைய கோடு போய்விட்டதா என்று கண்ணுக்கே தெரியும். பிறகு பாத்திரம் கழுவும் லிக்விட், தண்ணீர், அசிட்டோன். அடுத்து 100 மில்லி தண்ணீரில் 5 கிராம் சோடியம் ஹைட்ராக்சைடு கரைத்து, அதில் ஒரு நிமிடம். நுரை நுரையாகக் குமிழி வரும், அது ஹைட்ரஜன், பக்கத்தில் நெருப்பு கூடாது. எடுத்தால் தகடு கொஞ்சம் கருத்திருக்கும், கலவையில் உள்ள மற்ற உலோகங்களின் மிச்சம் அது. நீர்த்த நைட்ரிக் அமிலத்தில் அரை நிமிடம் முக்கினால் வெள்ளி மாதிரி வெளுத்து வரும். ஒன்றிலிருந்து மற்றதற்குப் போகும் முன் நன்றாக அலச வேண்டும், காரமும் அமிலமும் நேருக்கு நேர் சந்திக்கக் கூடாது. கடைசி அலசல் டிஸ்டில்ட் வாட்டரில்.

இப்போது தகட்டை நிமிர்த்திப் பிடித்து அதன் மேல் ஓடுகிற தண்ணீரைப் பாருங்கள். தண்ணீர் ஒரே விரிப்பாக, கண்ணாடித்தாள் ஒட்டியது போலப் படர்ந்து நின்றால் தகடு சுத்தம். எங்காவது ஒரு ஓரத்தில் விரிப்பு கிழிந்து, சேப்ப இலையில் நிற்கிற மாதிரி சொட்டுச் சொட்டாகத் திரண்டால் அங்கே எண்ணெய் இருக்கிறது, திரும்பவும் உப்புத்தாளிலிருந்து தொடங்குங்கள். கண்ணுக்குப் பளபளவென்று இருப்பது ஒரு கணக்கே இல்லை. எண்ணெய்ப் படலம் இருந்தால் சோலில் உள்ள ஹைட்ராக்சில்கள் அலுமினியத்தின் மேலுள்ள ஹைட்ராக்சில்களைத் தொடவே முடியாது, தொடாமல் அலுமினியம்–ஆக்சிஜன்–சிலிக்கான் பாலம் உருவாகாது, அந்தப் பாலம் இல்லாவிட்டால் நீங்கள் செய்தது வெறும் வார்னிஷ்.

ஒருமுறை எனக்கு வரிசையாக மூன்று பேட்ச் செலோடேப்போடு அப்படியே உரிந்து வந்தது. கரைசலை மாற்றினேன், அமிலத்தை மாற்றினேன், ஓவனைச் சந்தேகப்பட்டேன். கடைசியில் பார்த்தால், கழுவிய தகட்டைச் சீக்கிரம் காய வைக்கப் பட்டறைக் கம்ப்ரசர் காற்றை அடித்திருக்கிறேன். கம்ப்ரசர் காற்றோடு எண்ணெயும் தூவல் தூவலாக வரும். அன்றிலிருந்து தலைமுடி டிரையரில் ஆறிய காற்றுதான். காய்ந்த தகட்டை ஓரத்தில் மட்டும் பிடித்து, ஒரு மணி நேரத்துக்குள் பூசிவிட வேண்டும். மத்தியானம் கறிச்சோறு சாப்பிட்டுவிட்டு வந்து பூசலாம் என்றால் நடக்காது.

பூசுகிற விதம். தகட்டைக் கரைசலில் முக்கி, ஒரே சீரான வேகத்தில் மேலே தூக்க வேண்டும், நிமிடத்துக்கு 10 செ.மீ. என்பது நல்ல தொடக்கம். கையால் தூக்கினால் நடுக்கம் ஒவ்வொன்றும் ஒரு வரியாகப் பதிந்துவிடும். இதற்கு டிப் கோட்டர் என்று மெஷின் விற்கிறது, விலை கையைக் கடிக்கும். அதனால் நாங்கள் தலைகீழாக யோசித்தோம், தகட்டை நகர்த்தாமல் கரைசலை இறக்கிவிட்டால் என்ன?

மெடிக்கல் ஷாப்பில் 60 மில்லி பிளாஸ்டிக் சிரிஞ்ச் வாங்கி, உள்ளே இருக்கும் தண்டை உருவிப் போட்டுவிடுங்கள். குழாயை மூக்கு கீழே இருக்கும்படி ஸ்டாண்டில் மாட்டி, மூக்கில் ஒரு டியூப், டியூபில் சலைன் பாட்டிலுக்கு வருகிற உருளைத் திருகு. கரைசலை ஊற்றி, தகட்டை மேலே ஒரு கம்பியிலிருந்து நூலில் தொங்கவிட்டு முழுக்க மூழ்க வைத்து, ஒரு நிமிடம் பொறுத்துத் திருகைத் திறந்தால் கரைசல் அமைதியாக இறங்கும். 5 செ.மீ. இறங்க 30 விநாடி ஆகிற மாதிரி திருகை முன்பே வெறும் ஆல்கஹாலில் பழகிக்கொள்ளுங்கள். டியூபின் வாய் அரை மீட்டராவது கீழே இருக்கட்டும், அப்போதுதான் உள்ளே மட்டம் இறங்கினாலும் வேகம் பெரிதாக மாறாது. டியூபும் சலைன் செட்டோடு வந்ததையே மாட்டினோம், அதுதான் நாங்கள் செய்த தப்பு. பி.வி.சி. டியூபை மிருதுவாக்க அதில் சேர்த்திருக்கும் எண்ணெய்ப் பொருளை ஆல்கஹால் கரைத்து இழுத்துவிடும், வடித்த கரைசலைத் திரும்ப ஊற்றிப் பூசியபோது இரண்டாவது தகட்டிலிருந்து எண்ணெய்த் திட்டு தெரிந்தது. சிலிக்கோன் டியூப் மாட்டுங்கள், திருகை மட்டும் சலைன் செட்டிலிருந்து கழற்றிக்கொள்ளலாம்.

வேகம் கூடினால் தடிமன் கூடும், மெதுவாக இறக்கினால் மெல்லியதாகும். வேகத்தை இரண்டு மடங்கு ஆக்கினால் தடிமன் ஏறக்குறைய ஒன்றரை மடங்குக்குச் சற்று மேலே போகும். இங்கேதான் அந்த ஆசை வரும். தயவுசெய்து வேண்டாம். காயும்போது ஆல்கஹாலும் தண்ணீரும் போகப் போகப் படலம் சுருங்கப் பார்க்கும், அடியில் உலோகம் பிடித்து வைத்திருப்பதால் அதனால் சுருங்க முடியாது, தடிமன் கூடக் கூட அந்த இழுவிசையில் சேர்கிற சக்தி கூடி ஒரு கட்டத்தில் டக்கென்று வெடிக்கும். வெறும் டி.இ.ஓ.எஸ். படலம் ஒரு மைக்ரானைத் தாண்டுவதற்குள்ளேயே வெடித்துவிடும், கிளைமோ இருப்பதால் நமக்குச் சில மைக்ரான் வரை இடம் கிடைக்கிறது. வெடித்த மூன்று மைக்ரானைவிட வெடிக்காத ஒரு மைக்ரான் மேல். கனம் வேண்டுமென்றால் ஒரு கோட்டை அரைகுறையாகச் சுட்டுவிட்டு இரண்டாவது கோட் கொடுங்கள், மூன்றுக்கு மேல் போகாதீர்கள்.

ஃபேனை அணைத்துவிட்டுப் பூசுங்கள், வியர்த்தாலும் பரவாயில்லை. ஐப்பசி அடைமழைக்காலத்தில் பூசினால் படலம் வெளுத்துப் போகிற வாய்ப்பு அதிகம், வெயில் அடிக்கிற நாளாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பூசியதை அரை மணி நேரம் தூசி படாமல் தொங்கவிட்டு, ஆல்கஹால் முழுக்கப் பறந்த பிறகே ஓவனில் வையுங்கள், ஈரத்தோடு வைத்தால் மூடிய ஓவனுக்குள் எரியக்கூடிய ஆவி சேரும். 60 டிகிரியில் அரை மணி, பிறகு மெதுவாக ஏற்றி 120 டிகிரியில் ஒரு மணி நேரம், ஓவனுக்குள்ளேயே ஆறட்டும். சூட்டோடு வெளியே எடுக்காதீர்கள், ஆறும்போது அலுமினியமும் படலமும் ஒரே அளவில் சுருங்காது.

கொஞ்சம் அனுபவம் வந்த பிறகு அமீன் சேர்க்கலாம். டைஎத்திலீன் டிரையமீன் போன்றவை எபாக்ஸி வளையங்களைத் திறந்து ஒன்றோடொன்று கட்டும், பிளாஸ்டிக் பங்கு உண்மையாகவே பின்னும், குறைந்த சூட்டிலும் இறுகும். ஆனால் அமீன் காரம், அமிலக் கரைசலில் விட்டதும் பி.எச். ஏறும், சிலிக்கா வலை தறிகெட்டு வேகமாகப் பின்னும். முதல் தடவை நான் அப்படியே ஊற்றினேன். ஸ்டிரர் 'டொக் டொக்' என்று இரண்டு சுற்று சுற்றி நின்றது, டப்பாவைக் கவிழ்த்தால் கடல்பாசி அல்வா மாதிரி ஆடியது, காந்தத் துண்டு உள்ளே மாட்டிக்கொண்டிருந்தது. ஆல்கஹாலில் நன்றாக நீர்த்து, எபாக்ஸி வளையங்களுக்குக் கணக்குப்படி தேவையானதில் பாதி அளவு, பூசுவதற்குச் சற்று முன்னால் மட்டும் சேர்க்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை சோதனை. முதலில் லென்ஸ் வைத்து வெடிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு தகட்டில் பிளேடால் 1 மி.மீ. இடைவெளியில் நெடுக்கே ஆறு, குறுக்கே ஆறு கோடு போட்டால் 25 கட்டம் வரும், அதன் மேல் டேப்பை அழுத்தி ஒட்டிச் சட்டென்று உரியுங்கள். ஒரு கட்டம்கூட வரக்கூடாது. வந்தால் கழுவியதில் கோளாறு, கரைசலைக் குறை சொல்லாதீர்கள். அடுத்தது உப்பு. ஒரு லிட்டர் டிஸ்டில்ட் வாட்டரில் 35 கிராம் லேப் சோடியம் குளோரைடு, வீட்டுக் கல்லுப்பு வேண்டாம், அதில் மக்னீசியம் முதலானவையும் இருக்கும். தகட்டின் வெட்டு ஓரங்களையும் ஓட்டையையும் மெழுகால் அடைத்துவிட்டு, பூசிய தகடு ஒன்று, பூசாத தகடு ஒன்று, இரண்டையும் தனித்தனி டப்பாவில் போட்டுத் தினமும் ஒரே நேரத்தில் ஃபோட்டோ எடுங்கள். பூசாத தகடு பக்கத்தில் இல்லாமல் எடுக்கிற ஃபோட்டோவை வைத்து ஒன்றும் நிரூபிக்க முடியாது. பூசியதில் குண்டூசி முனை அளவு வெள்ளைப் புள்ளி கிளம்பினால் அந்த இடத்தைக் குறித்து வையுங்கள், பெரும்பாலும் அது பூசும்போது விழுந்த தூசியின் இடம். பூசும் முன் 0.45 மைக்ரான் சிரிஞ்ச் ஃபில்டரில் கரைசலை வடித்தால் கரைசலுக்குள் இருக்கிற தூசியாவது குறையும்.

எண்ணாகச் சொல்ல வேண்டும் என்றால் இம்பீடன்ஸ், அதாவது மாறுமின்னோட்டத்தைப் படலம் எவ்வளவு தடுக்கிறது என்ற அளவு, எடுக்க வேண்டும். அதை அளக்கும் பொட்டன்ஷியோஸ்டாட் கருவி உள்ள கல்லூரியிலோ, காரைக்குடி சிக்ரியிலோ (மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம்) கேட்டுப் பார்க்கலாம். அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து உருவான நிலையம் அது, 1953-லிருந்து நடக்கிறது, நம் வீட்டு வாசலிலேயே இருக்கிறது என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். மண்டபத்தில் கடலோரத் துருச் சோதனைக்கென்றே அவர்களுக்கு ஓர் இடம் உண்டு. போகும்போது ஒரே தகட்டை எடுத்துக்கொண்டு போகாதீர்கள், ஒரே பேட்சில் குறைந்தது மூன்று, கூடவே பூசாதது ஒன்று.

மிச்சமான கரைசலைச் சிங்க்கில் ஊற்றாதீர்கள். குழாய்க்குள்ளே போய் ஜெல்லாகி அடைத்துக்கொள்ளும், பிளம்பருக்கு என்ன சொல்லி விளங்க வைப்பீர்கள்? பழைய பிளாஸ்டிக் டப்பாவில் ஊற்றி ஃபியூம் ஹுட்டிலேயே திறந்து வையுங்கள், சில நாளில் கல்லாகிவிடும், அப்புறம் லேப் கழிவோடு போட்டுவிடலாம். சிரிஞ்சையும் டியூபையும் மட்டும் அன்றைக்கே, கையோடு, ஆல்கஹாலில் அலசி வையுங்கள், திங்கட்கிழமை பார்த்துக்கொள்ளலாம் என்றால் திங்கட்கிழமை புதுசுதான் வாங்க வேண்டும்.